வீட்டுத் தோட்டத்தில் மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும்

(வண்ணார்பேட்டையில் சிறு, குறு விவசாயிகளும் மகளிரும் கலந்துகொண்ட வீட்டுத் தோட்டப் பயிற்சியில் ஆற்றிய உரை)



இன்று காலை சந்திப்பிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தின் வழியாக இங்கு வந்தேன். 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மீது நின்று பார்த்தால், இக்கரையிலும் அக்கரையிலும் வீடுகளின் புறவாசல்கள் தெரிகின்றன. கிணற்றடியில் ஒரு வாழை, சுவரோரம் ஒரு முருங்கை, துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் நான்கு கத்தரிச்செடி என்று ஏதோ ஒன்று பெரும்பாலான வளவுகளில் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் புறவாசலில் இன்னும் ஒரு சிறு பாத்திக்கு இடம் கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன். மூன்று சதுர மீட்டர் இடம் போதும்.

நான் சொல்லப்போகும் செடிகள் மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் ஆகும். இரண்டும் உங்களுக்குப் பழக்கமான பெயர்கள்தான். ஆனால் பெயர் தெரிந்த அளவுக்குச் செடி தெரியவில்லை என்பதைக் கிராமங்களுக்குச் செல்லும்போது காண்கிறேன். செடி தெரியாததால் சில வீடுகளில் தொல்லையும் நேர்ந்திருக்கிறது. ஆகவே முதலில் செடியை அறிந்துகொள்வோம். பிறகு சாகுபடிக்கு வருவோம்.

ஒரே இனம், பல செடிகள்

சூரியகாந்தி, செவ்வந்தி ஆகியவை சேர்ந்த குடும்பத்தில் ஆர்ட்டிமிசியா என்று ஓர் இனம் உண்டு. உலகமெங்கும் இதில் நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. நமக்கு வேண்டியவை நான்கு மட்டுமே.

முதலாவது மாசிபத்திரி. இது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் நீலகிரி, பழனி மலைகளிலும் தானே வளரும் பல்லாண்டுச் செடி. ஆள் உயரம் வரை வளரும். இலை பல பிளவுகளாகப் பிரிந்திருக்கும். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் பஞ்சு ஒட்டியதைப் போல வெண்மை.

இரண்டாவது மரிக்கொழுந்து. தவனம் என்றும் சொல்வார்கள். மல்லிகைச் சரத்தில் இடையிடையே வைத்துக் கட்டும் மணமுள்ள கொழுந்து இதுதான். முழங்கால் உயரமே வளரும். நான்கு மாதத்தில் வாழ்வு முடியும். தென்னிந்தியாவே இதன் தாயகம். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் மணத் தைலத்திற்காகவும் இதைப் பயிரிடுகிறார்கள். இதை மரு என்னும் செடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரு துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மூன்றாவது, ஐரோப்பாவிலும் நம் காசுமீரத்திலும் வளரும் கடுங்கசப்புச் செடி. ஆங்கில மருந்து நூல்களில் அதிகம் பேசப்படுவது இதுதான். குளிர் நாட்டுச் செடியாகையால் நம் நெல்லைச் சீமையின் கோடை வெயிலுக்கு ஏற்றதல்ல. விதை வாங்கி ஏமாற வேண்டாம்.

நான்காவது சீனத்துச் செடி. இதைப் பற்றி இறுதியில் கூறுகிறேன்.

பார்த்தீனியத்தை அடையாளம் காணுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆற்றோரக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வாசலில் பத்துப் பதினைந்து செடிகளைப் பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, அருமையாக வளர்த்திருந்தார். "மாசிபத்திரி, சார். சந்தையில் நாற்று வாங்கினேன்" என்று பெருமையோடு காட்டினார். பார்த்த எனக்குத் திடுக்கென்றது. அத்தனையும் பார்த்தீனியம். அவருடைய மனைவியார் தினமும் களை பறித்துத் தண்ணீர் விட்டவர். அவருடைய இரு கைகளிலும் முழங்கை வரை தோல் தடித்து, சிவந்து, அரிப்பெடுத்திருந்தது. அந்த அரிப்புக்கு அதே இலையை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள்! அன்றே செடிகளை அகற்றி, அந்த அம்மையாரை மருத்துவரிடம் அனுப்பினோம். குணமாகப் பல வாரங்கள் ஆயின.

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. 1950-களில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. இதுவும் சூரியகாந்திக் குடும்பமே. ஆகையால் இளஞ்செடியின் இலை அமைப்பு மாசிபத்திரியைப் போலவே தோன்றும். வேறுபாட்டை மூன்று சோதனைகளால் அறியலாம்.

ஒன்று: இலையைத் திருப்பிப் பாருங்கள். மாசிபத்திரியின் அடிப்புறம் வெண்பஞ்சு போலிருக்கும். பார்த்தீனியத்தில் இரு புறமும் ஏறக்குறைய ஒரே வெளிர்பச்சை.

இரண்டு: மாசிபத்திரி இலையைக் கசக்கினால் கற்பூரம் கலந்ததைப் போன்ற அழுத்தமான மணம் வரும். மரிக்கொழுந்தின் மணத்தைச் சொல்லவே வேண்டாம். பார்த்தீனியத்தில் அத்தகைய நறுமணம் கிடையாது. ஆனால் ஐயமான செடியை வெறுங்கையால் கசக்காதீர்கள். முதல் சோதனையில் தேறிய செடியையே இரண்டாவது சோதனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூன்று: பார்த்தீனியத்தில் சிறுசிறு வெள்ளைப் பூக்கள் செடி முழுவதும் இறைத்தாற்போல் இருக்கும். மாசிபத்திரிப் பூ கதிர் போன்ற கொத்தில், பழுப்பு கலந்த மஞ்சளாக, கண்ணுக்கு எடுப்பில்லாமல் இருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பார்த்தீனியத்தால் தோல் ஒவ்வாமை கண்டவர்களுக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த மாசிபத்திரியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படிப்பட்டவர்கள் உள்ள வீட்டில் இச்செடியை வைக்காமலிருப்பதே நல்லது.

சந்தேகம் தீரவில்லையானால் செடியின் ஒரு கிளையைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வாருங்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. தெரியாத செடியை வளர்ப்பதைக் காட்டிலும் ஒரு நாள் பேருந்துச் செலவு குறைவுதான்.

மண்ணும் இடமும்

இவ்விரு செடிகளுக்கும் வேர் நனைய வேண்டும்; ஆனால் வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்தால் பாதிச் சாகுபடி முடிந்தது.

நான் முதன்முதலில் மாசிபத்திரி நட்டபோது இதை மதிக்கவில்லை. துவைகல்லின் தண்ணீர் ஓடிவரும் பள்ளத்தில், தண்ணீர் செலவு மிச்சம் என்று எண்ணி நட்டேன். புரட்டாசி வரை செழிப்பாக இருந்தது. ஐப்பசி அடைமழையில் பத்தே நாளில் அடியழுகி, பிடுங்கினால் கையோடு வந்தது. சோப்புத் தண்ணீரும் சேற்று மண்ணும் சேர்ந்து வேரை மூச்சுமுட்ட வைத்துவிட்டன. செடியின் மீது குற்றமில்லை. இடம் தேர்ந்த என்மீதுதான் குற்றம்.

நம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றால் பெய்கிறது. சில ஆண்டுகளில் மார்கழியிலும் கொட்டிவிடும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் தாமிரவருணியில் வந்த வெள்ளத்தையும் இங்கு யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்தப் பாத்தியும் தாங்காது. ஆனால் சாதாரண அடைமழையை மேட்டுப்பாத்தி தாங்கும். ஆகவே தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தியை உயர்த்துங்கள். ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம் போதும். அகலம் இதற்கு மேல் போனால் நடுவில் களை எடுக்க உள்ளே மிதிக்க வேண்டிவரும்.

வயல் மண் களிப்பாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மணலும் நன்கு மக்கிய தொழு உரமும் கலந்து கொத்திவிடுங்கள். மூன்று சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டு கூடை தொழு உரமும், இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போதுமானவை. மக்காத சாணம் வேண்டாம். யூரியாவைத் தாராளமாக இட்டால் இலை பெருக்கும், தண்டு இளகும், அசுவினி வந்து சேரும்.

மாசிபத்திரிக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் கிழக்குப் பக்கம் ஏற்றது. மலைச்செடியாகையால் சித்திரை, வைகாசி வெயிலில் சிறிது வாடும். அப்போது தென்னங்கீற்று நிழல் கொடுத்தால் தப்பிவிடும். மரிக்கொழுந்துக்கு நல்ல வெயில் வேண்டும்.

மாசிபத்திரி நடும் முறை

இதை விதையிலிருந்து வளர்க்கும் சிரமம் தேவையில்லை. தாய்ச்செடியைச் சுற்றி வரும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம். கன்று கிடைக்காவிட்டால், முற்றாமலும் மிக இளசாக இல்லாமலும் உள்ள தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் சாய்வாக ஊன்றி நிழலில் வையுங்கள். மணல் காயாமல் தெளித்துவந்தால் மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

பெருமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசி முதல் தை வரை நடவுக்கு ஏற்ற காலம். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். ஒரு குடும்பத்துக்கு நான்கு செடிகள் ஏராளம்.

ஓர் எச்சரிக்கை. மாசிபத்திரி மண்ணுக்கடியில் தண்டை ஓட்டிப் பரவும். கவனிக்காமல் விட்டால் இரண்டு ஆண்டுகளில் பக்கத்துப் பாத்தியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அடியில் துளையிட்ட பழைய சிமெண்டுத் தொட்டியிலோ, உடைந்த உறையிலோ நடுவது நலம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தூரைப் பிரித்துப் புதிதாக நடுங்கள்.

மேலும், காய்கறி நாற்றங்காலுக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். ஐரோப்பிய இனத்தின் இலையிலிருந்து மழைநீரோடு வடியும் கசப்புப் பொருள் அருகிலுள்ள இளஞ்செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஆராய்ச்சிகளில் தெரியவந்துள்ளது. நம் செடியிலும் அதே எச்சரிக்கையைக் கடைப்பிடிப்பதில் நட்டமில்லை. வேலியோரமே இதற்குச் சரியான இடம். கசப்பின் காரணமாக ஆடு மாடு சாதாரணமாக வாய் வைக்காது.

நட்டு மூன்று நான்கு மாதத்தில் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுத்துக்கொள்ளலாம், மீண்டும் தழைக்கும். அறுத்த தழையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய்ந்தால் மணம் பறந்துவிடும். உலர்ந்த இலையைத் துணிப் பையில் கட்டித் துணிப்பெட்டியில் வைப்பதும், மாலையில் புகை போடுவதும் பூச்சிகளை விலக்கப் பழங்காலம் முதல் உள்ள வழக்கம். புகையைக் கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் போட வேண்டாம். புகை போட்டோம் என்று கொசுவலையைச் சுருட்டி வைத்துவிடவும் வேண்டாம்.

மரிக்கொழுந்து சாகுபடி

பூக்கட்டும் தாய்மார்கள் பலர் இங்கு வந்திருக்கிறீர்கள். மரிக்கொழுந்தைக் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்குகிறீர்கள். அதில் ஒரு பங்கை உங்கள் புறவாசலிலேயே எடுக்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மரிக்கொழுந்தில் தோல்விக்கு முதற்காரணம் பழைய விதை. இதன் விதை மிகச் சிறியது. முளைப்புத் திறனைச் சீக்கிரம் இழந்துவிடும். சென்ற பருவத்தில் எடுத்த புதிய விதையையே வாங்குங்கள். அடுத்த ஆண்டுக்கு உங்கள் பாத்தியிலேயே பத்துச் செடிகளை அறுக்காமல் விட்டு, பூ காய்ந்ததும் விதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடும் மழை இதன் எதிரி. ஆகவே கார்த்திகை முதல் வாரத்தில், மழை படாத தாழ்வாரத்திலோ கூரையடியிலோ, தட்டிலோ தொட்டியிலோ நாற்று விடுங்கள். விதையைத் துணியில் கட்டி இரண்டு நாள் ஈரமாக வைத்திருந்தால் முளை கிளம்பும். பிறகு பொடி மணலுடன் கலந்து தூவி, மேலே மிக மெல்லியதாக மணல் தெளியுங்கள். ஆழமாக மூடினால் முளைக்காது. மூன்று சதுர மீட்டர் பாத்திக்கு இரண்டு சிட்டிகை விதை போதும். பூவாளியால் மட்டுமே தண்ணீர் தெளிக்க வேண்டும்.

நாற்று நெருக்கமாகவும் ஈரம் மிகுதியாகவும் இருந்தால் நாற்றழுகல் வரும். தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுவதும், நெருக்கத்தைக் கலைத்து விடுவதும், மாலையில் தண்ணீர் விடுவதைத் தவிர்த்துக் காலையில் விடுவதும் இதைத் தடுக்கும்.

ஆறு, ஏழு வாரத்தில் நாற்று கைவிரல் நீளம் வளர்ந்திருக்கும். மார்கழிக் கடைசியில் மழை விலகியதும் நடுங்கள். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்று நட்டால் மூன்று சதுர மீட்டரில் 200 செடிகள் பிடிக்கும். நட்டதும் உயிர்த்தண்ணீர், பிறகு மண்ணின் ஈரம் பார்த்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர். முதல் மாதத்தில் இரண்டு முறை கைக்களை அவசியம்.

அசுவினி தென்பட்டால் வேப்பங்கொட்டைப் பருப்பை லிட்டருக்கு 50 கிராம் வீதம் இடித்து, ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். தலையில் சூடும் கொழுந்து இது. நச்சு மருந்துகளை இதில் தெளிப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும்.

சரத்துக்கு வேண்டுமானால் பூ விரியும் முன் இளங்கொழுந்தாகக் கிள்ளலாம். ஒரே நாளில் மொத்தமாக அறுக்காமல், வரிசை வரிசையாக எடுத்தால் மாசி, பங்குனி மாதங்களில் பல வாரங்களுக்கு வரும். காலை பனி உலர்ந்ததும் கிள்ளி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் மாலை வரை வாடாது. தைலம் எடுப்பதற்கென்றால் பூ நன்றாக விரிந்த பிறகு முழுச்செடியாக அறுப்பார்கள். அதற்கு வடிப்புக்கலனும் ஏக்கர் கணக்கில் பயிரும் வாங்குவோர் உறுதியும் வேண்டும். "தைலத்துக்கு நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது நாற்றுக்குப் பணம் கேட்டால், எழுத்தில் ஒப்பந்தம் பெறாமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூட ஒதுக்காதீர்கள்.

மருந்தாக உண்ணலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் பலரும் வந்திருப்பீர்கள். நேராகவே விடை சொல்கிறேன். உங்கள் கைவைத்தியமாக இலையை அரைத்துக் குடிக்காதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இந்த இனத்துக்குப் பல நாடுகளிலும் குடற்பூச்சி மருந்து என்ற பெயர் உண்டு. காசுமீரத்தில் வளரும் ஒரு வகையிலிருந்து சாந்தோனின் என்ற மருந்தைப் பிரித்து, வட்டப்புழுவுக்கு ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலேயே கொடுத்தார்கள். அளவு சிறிது மிஞ்சினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்; இன்னும் மிஞ்சினால் வலிப்பு வரும். அதனால் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். ஐரோப்பியச் செடியில் துஜோன் என்ற பொருள் உள்ளது. அதுவும் அளவு மிஞ்சினால் நரம்பைத் தாக்குவது. அச்செடி சேர்த்து வடித்த மதுவைப் பிரான்சு நாடு 1915-இல் தடை செய்தது. வீட்டுச் செடியில் எந்த இலையில் எவ்வளவு சத்து என்று அளக்க நம்மிடம் தராசு கிடையாது. கர்ப்பிணிகள் இந்த இனச் செடிகளை உட்கொள்வது கருவுக்கு ஆபத்து.

குழந்தைகளின் குடற்புழுவுக்கு வழி எளிது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின் கீழ் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அதை வாங்கிக் கொடுங்கள். கை கழுவுவதும் செருப்பணிவதும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சித்த மருத்துவ முறையில் மாசிபத்திரிக்கு இடம் உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் முறையாகப் படித்த சித்த மருத்துவர்.

இனி அந்தச் சீனத்துச் செடி. தூ யூயூ என்னும் பெண் அறிவியலாளர், நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூல் ஒன்றைப் படித்தார். அதில் இச்செடியைக் கொதிக்க வைக்காமல், தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து தரச் சொல்லியிருந்தது. அதுவரை சூடாக்கி வடித்ததால்தான் குணம் அழிந்தது என்று உணர்ந்து, குறைந்த சூட்டில் சாறு பிரித்தார். 1972-இல் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் இச்செடியில் ஜீவன் ரக்ஷா போன்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது.

இதைக் கேட்டவுடன், "அந்தச் செடியை நட்டுக் கஷாயம் வைத்தால் காய்ச்சல் போகுமே" என்று தோன்றும். போகாது, ஆபத்து கூடும். இலைக் கஷாயத்தில் மருந்தின் அளவு செடிக்குச் செடி மாறும். குறைந்த அளவு உட்சென்றால் கிருமி சாகாமல் பழகிக்கொண்டு, பிறகு மாத்திரைக்கும் அடங்காமல் போகும் அச்சம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இச்செடியின் இலையை மலேரியாவுக்குத் தேநீராகவோ பொடியாகவோ பயன்படுத்துவதை ஆதரிக்கவில்லை. காய்ச்சல் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நிறைவாக

அன்பர்களே, நான் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன். செடியைச் சரியாக அடையாளம் கண்டு வாங்குங்கள். மேட்டுப்பாத்தி போடுங்கள். மாசிபத்திரியைத் தொட்டியில் அடக்கி வேலியோரம் வையுங்கள். மரிக்கொழுந்துக்குப் புதிய விதை தேடுங்கள். மழை விலகிய பின் நடுங்கள். மணத்துக்கும் பூச்சரத்துக்கும் பயன்படுத்துங்கள், வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள்.

கைகளில் அரிப்போடு இருந்த அந்த அம்மையாரைச் சென்ற தை மாதத்தில் மீண்டும் பார்த்தேன். கை தேறியிருந்தது. பார்த்தீனியம் இருந்த இடத்தில் கீரைப் பாத்தி போட்டிருந்தார். "மாசிபத்திரி வேண்டவே வேண்டாம், மரிக்கொழுந்து மட்டும் கொஞ்சம் வைக்கலாமா?" என்று கேட்டார். ஒரு முறை ஒவ்வாமை கண்ட உடம்பு என்பதால், முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அதுவரை மரிக்கொழுந்தைக் கையில் தொட வேண்டாம், கீரையே போதும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, ஒரு கட்டுக் கீரையைப் பறித்துக் கையில் கொடுத்தார். வீட்டுத் தோட்டம் என்பது வீட்டாரின் நலத்துக்காகத்தான். எந்தச் செடியானாலும், எவ்வளவு பெயர்பெற்றதானாலும், அந்த நலத்துக்குப் பிறகே அதற்கு இடம்.